பார்த்தேன், ஆனால் தெரியவில்லை

நான்குவழிச் சாலை. மீடியன் இடைவெளியில் காரின் மூக்கை நுழைத்து யூ டர்ன் அடிக்கக் காத்திருந்தேன். எதிர்ச்சாலையில் ஒரு டிப்பர் லாரி போனது. அதன் பின்னால் ஒரு பேருந்து. பேருந்து கடந்ததும் இடது பக்கம் பார்த்தேன். வெகு தூரத்தில் இன்னொரு லாரி. நிறைய நேரம் இருக்கிறது. கிளட்சை விட்டேன்.

டயர் தேய்கிற சத்தம். இடது கதவுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பைக் கோணலாக நின்றது. ஓட்டி வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கத்துவதற்குக்கூட அவனிடம் தெம்பு இல்லை. "அண்ணே, என்னை நேராப் பாத்தீங்களே. என் மூஞ்சியைத்தான் பாத்தீங்க. அப்புறம் ஏண்ணே வண்டிய எடுத்தீங்க?"

என்னிடம் பதில் இல்லை. நான் குடித்திருக்கவில்லை. போன் பையில் கிடந்தது. பதினெட்டு வருஷம் பைக் ஓட்டிவிட்டுக் காருக்கு வந்தவன். நான் அந்தத் திசையில் பார்த்ததும் உண்மை, அவன் எனக்குத் தெரியாததும் உண்மை.

இந்த இரண்டுக்கும் தமிழில் தனித்தனி வினைச்சொல் இருப்பது வசதிதான். 'நான் பார்த்தேன்' என்கிறோம், 'எனக்குத் தெரிந்தது' என்கிறோம். பார்ப்பது நான் செய்கிற வேலை. தெரிவது என்னிடம் வந்து சேர்கிற விஷயம். முதலாவதைச் செய்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் வண்டி ஓட்டுகிறோம். அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும் விபத்துகளை ஆராய்ச்சியாளர்கள் தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்: டிரைவர் பார்த்தார், ஆனால் காணவில்லை. பிரிட்டனில் பைக் ஓட்டுகிறவர்கள் இதற்கு 'ஸ்மிட்ஸி' என்று கிண்டலாகப் பெயரிட்டிருக்கிறார்கள். 'மன்னிச்சுக்கோப்பா, உன்னைப் பார்க்கலை' என்று மோதிய பிறகு கார்க்காரர் சொல்லும் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. நம் ஊரில் மன்னிப்புக்கு அவ்வளவு புழக்கம் இல்லை. "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று எதிராளியையே மடக்கிவிடுவோம். நடப்பது என்னவோ ஒன்றுதான்.

இதைச் சம்பவ இடத்துக்கே போய் எண்ணிப் பார்த்தவர் ஹாரி ஹர்ட். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த ஏறக்குறைய 900 பைக் விபத்துகளை அவருடைய குழு நேரில் ஆராய்ந்தது. கூடவே 3,600 போலீஸ் அறிக்கைகளையும் படித்தது. 1981இல் அறிக்கை வந்தது. நான்கில் மூன்று விபத்துகள் இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு வழிவிட வேண்டிய அந்த இன்னொரு டிரைவர் வழிவிடாமல் குறுக்கே வந்திருந்தார். அவர்களில் பலர் சொன்னது ஒன்றே: பைக்கைப் பார்க்கவே இல்லை, அல்லது பிரேக் போட்டும் பயனில்லாத கடைசி நொடியில்தான் பார்த்தோம். அடிக்கடி நடந்த விபத்து எது தெரியுமா? பைக் நேராக வருகிறது, எதிரே வந்த கார் அதன் குறுக்கே இடது பக்கம் திரும்புகிறது. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால் அவர்களுக்கு இடது. நமக்கு அதுவே வலது. என் யூ டர்ன் அச்சு அசலாக அந்த விபத்துதான், மோதல் மட்டும் நடக்கவில்லை.

பிறகு 1999, 2000 ஆண்டுகளில் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி ஆகிய ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை இதேபோல அலசினார்கள். பாதி விபத்துகளுக்கு முதன்மைக் காரணம் எதிர் வாகன டிரைவரின் தவறு. பைக் ஓட்டியவரின் தவறு 37 சதவீதம், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் எதிர் டிரைவர்கள் செய்த தவறுகளில் 70 சதவீதத்துக்கு மேல் பைக்கைக் கவனிக்கத் தவறியதுதான். கண்டம் மாறியும், இருபது வருஷம் கழிந்தும், கதை மாறவில்லை.

சரி, ஏன் தெரியாமல் போகிறது?

கண்ணிலிருந்து தொடங்கலாம். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். நகத்தின் அகலம் இருக்கிறதல்லவா, அவ்வளவு பரப்பைத்தான் நம் கண் ஒரு நேரத்தில் தெளிவாகப் பார்க்கிறது. சுற்றியுள்ள மீதி எல்லாம் மங்கல்தான். அப்படியானால் உலகம் முழுக்கத் தெளிவாகத் தெரிகிறதே என்றால், அது மூளையின் கைவேலை. கண் ஒரு நொடிக்கு மூன்று நான்கு தடவை இங்கும் அங்கும் தாவுகிறது. தாவி நிற்கும் இடங்களில் எடுத்த துண்டுகளை மூளை ஒட்டுப்போட்டு முழுப் படமாகக் காட்டுகிறது. தாவும் நேரத்தில் வரும் காட்சியை மூளை அணைத்துவிடுகிறது, இல்லையென்றால் தலை சுற்றும். கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணைப் பாருங்கள், பிறகு வலக் கண்ணைப் பாருங்கள், மாற்றி மாற்றி. உங்கள் கண்கள் நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

ஜங்ஷனில் சட்டென்று வலது, சட்டென்று இடது என்று தலையைத் திருப்பும்போது சாலை முழுவதையும் துடைத்துப் பார்த்துவிட்டதாக நினைக்கிறோம். நிஜத்தில் நாலைந்து புள்ளிகளைத்தான் தொட்டிருக்கிறோம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு பேருந்து ஒளிந்துகொள்ள முடியாது, அது பெரியது, மங்கலான ஓரப்பார்வையிலும் முட்டிக்கொண்டு நிற்கும். பைக்கால் முடியும். அந்த இடத்தில் மூளை வெறும் தார்ச்சாலையை வரைந்து நிரப்பிவிடும். 'காலி' என்று நான் நிச்சயமாக நம்பியது பாதி என் மூளை வரைந்த சாலை.

இன்னொரு சிக்கல் வளர்ச்சி. நமக்கு நேராக வரும் பொருள் இடமோ வலமோ நகராது, இருந்த இடத்திலேயே பெரிதாகும். அந்தப் பெரிதாவதை வைத்துத்தான் அது எவ்வளவு வேகமாக வருகிறது என்று கணிக்கிறோம். ஹாண்டில்பாரையும் சேர்த்துப் பைக்கின் அகலம் முக்கால் மீட்டர் போல. 100 மீட்டர் தூரத்தில் அது நாம் நீட்டிய கட்டைவிரல் நகத்தில் கால் பங்குதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் மூன்று நொடியில் 50 மீட்டருக்கு வந்துவிடும். அப்போது அரை நகம். முதல் மூன்று நொடியில் கண்டதெல்லாம் கால் நகம் அரை நகமானது மட்டும். அடுத்த ஒன்றரை நொடியில் முழு நகம். அதற்கடுத்த ஒன்றரை நொடியில் கதவருகே வந்துவிடும். இரண்டு தடத்தையும் தாண்டிக் காரைத் திருப்பி முடிக்க எனக்கு மூன்று நான்கு நொடி வேண்டும். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் பைக் அசையாத புள்ளிபோல இருக்கிறது. அது வளர்வது உறைக்கும்போது கார் பாதிச் சாலையில் நிற்கிறது. இரண்டரை மீட்டர் அகலப் பேருந்து அதே 100 மீட்டரில் முக்கால் நகத்துக்கும் மேலாக நிற்கும். அது வளர்வது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தட்டான்பூச்சி இந்தப் பலவீனத்தை வேண்டுமென்றே பயன்படுத்துகிறது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் மாண்டயம் ஸ்ரீனிவாசனும் உடனிருந்தவர்களும் 2003இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். ஆண் தட்டான் எதிராளியை நெருங்கும்போது, எதிராளியின் கண்ணுக்கு ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் பாதையில் பறக்கிறதாம். நேர்கோட்டில் வரும் பைக்கும் தன்னை அறியாமல் அதைத்தான் செய்கிறது. தட்டானுக்கு அதில் லாபம், பைக்காரருக்கு நஷ்டம்.

பைக்கைப் பார்த்துவிட்ட டிரைவர்கூடத் தூரக் கணக்கில் ஏமாறுகிறார். ஒரே வேகத்தில் ஒரே தூரத்தில் பைக்கும் வேனும் வந்தால், பைக் வந்து சேர இன்னும் நேரமிருக்கிறது என்று மனிதர்கள் கணிப்பதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. சிறியது தூரத்தில் இருக்கிறது, பெரியது பக்கத்தில் இருக்கிறது. பழைய பழக்கம், மலையைப் பார்த்தும் மரத்தைப் பார்த்தும் கற்றுக்கொண்டது. இரவில் இது இன்னும் மோசம். காரின் இரண்டு விளக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி விரிவதைக்கொண்டு அது நெருங்குவதை உணர்கிறோம். பைக்கில் ஒற்றை விளக்கு. விரிவதற்கு ஒன்றுமில்லை.

அடுத்தது காரின் குற்றம். முன்கண்ணாடியின் இரு ஓரமும் சாய்ந்து நிற்கும் பில்லரைச் சொல்கிறேன். கார் உருண்டால் கூரை நசுங்கக் கூடாது, பில்லருக்குள்ளேயே ஏர்பேக் வைக்க வேண்டும் என்று போகப்போக அது தடித்துக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு நல்லது. ஒரு சின்னக் கணக்கு: பில்லர் 10 சென்டிமீட்டர் அகலம், ஓட்டுகிறவரின் கண்ணிலிருந்து 80 சென்டிமீட்டர் தூரம், இரண்டு கண்ணுக்கும் நடுவே ஆறரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தள்ளி, இரண்டு கண்ணாலும் பார்க்க முடியாத இடத்தின் அகலம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் வருகிறது. ஒரு கார் அதற்குள் அடங்காது. எதிர்கொண்டு வரும் பைக் ஓட்டுபவரோடு சேர்த்து அடங்கிவிடும்.

ஒரு நொடி மறைந்தாலும் அடுத்த நொடி வெளியே வந்துவிடாதா என்று கேட்கலாம். சந்திலிருந்து மெயின் ரோட்டை நோக்கி நீங்கள் ஊர்ந்து வருகிறீர்கள், வலது பக்கத்திலிருந்து பைக் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போய்ச்சேரும் கணக்கில் நகர்ந்தால், உங்கள் கண்ணுக்கு அந்தப் பைக் கோணம் மாறாமல் பில்லருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருக்கும். எதிரே வரும் கப்பலின் திசைக்கோணம் மாறவில்லை என்றால் மோதப்போகிறது என்று பொருள், இது மாலுமிகளுக்குப் பாலபாடம். அதாவது மோதப்போகிற பைக்தான் மறைந்தே இருக்கும், மோதாத பைக் வெளியே வந்துவிடும். இவ்வளவு கெட்ட வடிவமைப்பை வேண்டுமென்று யோசித்தாலும் செய்ய முடியாது. நல்ல லாரி டிரைவர்களைக் கவனித்திருப்பீர்கள், திரும்பும் முன் ஸ்டியரிங் மேல் சாய்ந்து உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். பில்லருக்குப் பின்னால் எட்டிப்பார்க்கிறார்கள்.

இதுவரை சொன்னது கண், கோணம், இரும்பு. ஆனால் எதுவும் மறைக்காமல், வெளிச்சத்தில், அருகில் நிற்கும் பைக்கும் தெரியாமல் போகிறது. அங்கே வேலை செய்வது மனம்.

பந்து கைமாறுவதை எண்ணச் சொல்லி, நடுவே கொரில்லா வேஷம் போட்டவரை நடக்கவிட்ட சோதனை எல்லோரும் கேள்விப்பட்டதுதான். டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் 1999இல் வெளியிட்டது. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொரில்லா தெரியவில்லை. அதையே சாலைக்குக் கொண்டுவந்து 2018இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். 56 பேருக்கு டிரைவர் சீட்டிலிருந்து எடுத்த படங்களைக் காட்டி, இந்தச் சூழ்நிலை பாதுகாப்பானதா என்று கேட்டார்கள். கடைசிப் படத்தில் எதிர்பாராதபடி சிலருக்கு ஒரு பைக், சிலருக்கு ஒரு டாக்சி. டாக்சியைத் தவறவிட்டவர்கள் 31 சதவீதம். பைக்கைத் தவறவிட்டவர்கள் 65 சதவீதம். ஓட்டுவதற்குக் காரே இல்லை, உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள், அப்படியும்.

அரிதான பொருளைக் கண் விட்டுவிடும் என்பது இன்னொரு விளக்கம். ஜெரமி வுல்ஃப் என்ற உளவியலாளர் 2005இல் விமான நிலையப் பை சோதனையைப் போன்ற ஒரு தேடலை வைத்தார். தேட வேண்டிய பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது, தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். பொருள் அதேதான், கண்ணும் அதேதான். 'எங்கே இருக்கப்போகிறது' என்ற சலிப்பு மட்டும் புதிது. பிரிட்டன் சாலைகளில் ஓடும் போக்குவரத்தில் மோட்டார் சைக்கிளின் பங்கு 1 சதவீதம் போலத்தான். அங்கே டிரைவருக்குப் பைக் தெரியாமல் போவதை இதைக்கொண்டு சொல்லிவிடலாம். ஐரோப்பிய விபத்துத் தரவுகளில், பைக் லைசென்ஸும் வைத்திருக்கும் கார் டிரைவர்கள் பைக்கோடு மோதுவதற்குக் காரணமாவது குறைவு என்றும் கண்டார்கள். பைக் ஓட்டியவனுக்குப் பைக் தெரிகிறது.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. இந்தியாவில் பதிவான வாகனங்களில் நான்கில் மூன்று இருசக்கர வாகனம். நம் கார் டிரைவர்களில் பெரும்பாலானவர்கள் மொபெட்டிலோ பைக்கிலோ தொடங்கியவர்கள். அந்த விளக்கத்தின்படி நம் சாலைகளில் பைக்தான் எல்லோருக்கும் முதலில் தெரிய வேண்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897, அதாவது 44.5 சதவீதம். இதில் எத்தனை, டிரைவர் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தவை என்று பிரிக்கும் கணக்கே இந்த எண்களைத் தரும் அரசு அறிக்கையில் கிடையாது. பத்தில் ஏழு மரணத்தை 'அதிவேகம்' என்ற ஒரே கட்டத்துக்குள் போட்டிருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பைக் ஓட்டும் யாரைக் கேட்டாலும் வாரத்துக்கு ஒரு 'பார்க்கலை தம்பி' கதை சொல்வார்.

இதற்கு விடை என்று எனக்குப் படுவது வெள்ளை ஹெல்மெட். காலை நேரத்துச் சாலையில் எதிரே நூறு பைக் வரட்டும். ஒன்றுகூட மனதில் நிற்காது. அதில் ஒருவர் வெள்ளைச் சட்டையும் வெள்ளை ஹெல்மெட்டுமாக வந்தால் அரை கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். கை தன்னால் சீட் பெல்ட்டைத் தேடும். போக்குவரத்துப் போலீஸாக இல்லாமல் யாரோ ஒரு வாத்தியாராக இருந்தாலும் தெரிந்திருக்கும். கண் வாகனத்தைத் தேடுவதில்லை. தனக்கு என்ன ஆகும் என்பதைத் தேடுகிறது. லாரி வந்தால் நான் நசுங்குவேன், பேருந்து வந்தால் நான் நசுங்குவேன், போலீஸ் வந்தால் அபராதம். பைக் வந்தால்? எனக்கு ஒன்றும் ஆகாது. அந்த மீடியன் இடைவெளியில் டிப்பரும் பேருந்தும் கடந்த பிறகு என் கண் நேராகப் போய் நின்றது வெகு தூரத்து லாரியின் மேல். நான் தேடியது எதிரே வரும் வண்டியை அல்ல, என்னை இடிக்கக்கூடிய அடுத்த வண்டியை. பையன் அந்த லாரிக்கும் எனக்கும் நடுவே, நான் பார்த்த அதே கோட்டில் வந்துகொண்டிருந்தான். அவன் முகத்தை நோக்கித்தான் என் கண் இருந்தது. அவனைத் தாண்டிப் போய்விட்டது.

இதோடு நம் சாலைக்கே உரிய இரண்டு விஷயங்கள் சேர்கின்றன. ஊருக்குள் பைக் ஒவ்வொன்றாகத் தெரிவதில்லை, கூட்டமாகத் தெரிகிறது. ஓரப்பார்வையில் பொருள்கள் நெருங்கியிருந்தால் தனித்தனியாகப் பிரித்துணர முடியாது என்பது பார்வை ஆராய்ச்சியில் தெரிந்த சங்கதி. பிரிந்து வரும் அந்த ஒன்று, இடது பக்கச் சந்தில் நுழைந்து வருவதோ, ராங் சைடில் ஓரமாக வருவதோ, கூட்டத்தின் ஒரு பகுதியாகவே பதிவாகிறது. அது மட்டுமில்லை, வண்டி வரும் என்று கண் தேடுகிற இடத்தில் அது வருவதில்லை. ஊரைத் தாண்டி நான்குவழிச் சாலைக்கு ஏறினால் நிலைமை தலைகீழ். அங்கே வேகமும் கார்களும் லாரிகளும்தான் உலகம், தனியாக வரும் பைக் அபூர்வம். அங்கே நம் டிரைவரும் பிரிட்டன் டிரைவர் மாதிரி ஆகிவிடுகிறார்.

இரண்டாவது சங்கடமானது. 'பார்க்கவில்லை' என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு பொய். பைக் தெரிந்திருக்கும், 'அவன் பிரேக் போட்டுக்குவான்' என்று வண்டியை விட்டிருப்போம். பெரிய வண்டி நுழைந்தால் சின்ன வண்டி ஒதுங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். பேருந்துக்காரர் கார்க்காரரிடம் இதைச் செய்கிறார், கார்க்காரர் பைக்காரரிடம், பைக்காரர் நடந்து போகிறவரிடம். கண்ணின் குறையையும் இந்தத் திமிரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது. முன்னதற்கு விளக்கும் வெள்ளை ஹெல்மெட்டும் உதவும். பின்னதற்கு உதவாது.

விளக்கு என்றதும் மலேசியா நினைவுக்கு வருகிறது. அங்கே 1992 முதல் பகலிலும் பைக் ஹெட்லைட்டைப் போட்டே ஓட்ட வேண்டும். அதன் பிறகு, பைக் கண்ணில் படாததால் நடக்கும் வகை விபத்துகள் 29 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டு ஆய்வு சொன்னது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் பைக்குக்கென்று பிரித்த தனிப்பாதையே இருக்கிறது. தெரிகிறதா தெரியவில்லையா என்ற கேள்வியே எழாத ஏற்பாடு அது. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட் அணையாது. வந்த புதிதில் எதிரே வருகிறவர்களெல்லாம் ஐந்து விரலையும் குவித்து விரித்து 'லைட் எரியுது' என்று சைகை காட்டினார்கள். பேட்டரி தீர்ந்துவிடும் என்று மெக்கானிக்கிடம் போய் அணைக்கும் ஸ்விட்ச் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சைகையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐம்பது மீட்டர் முன்னாலேயே எதிராளிக்கு நீங்கள் தனி மனிதனாகத் தெரிந்துவிட்டீர்கள். அதற்குத்தானே விளக்கு. இப்போது பெரும்பாலான பைக்குகளில் எரிகிறது, சைகை நின்றுவிட்டது.

எல்லாரும் விளக்குப் போட்டால் யார் தெரிவார்கள் என்ற கேள்வியும் உண்மையானது. கார்களும் பகல் விளக்கோடு வரத் தொடங்கினால் அந்தக் கூட்டத்தில் பைக்கின் ஒற்றை விளக்கு அமுங்கிப்போகிறது என்று பிரெஞ்சு ஆய்வு ஒன்று 2012இல் காட்டியது. அதே வருஷம் பிரிட்டனில் செய்த சோதனையில், ஹெட்லைட்டோடு சேர்த்து முக்கோணமாக இரண்டு சின்ன விளக்குகள் வைத்தபோது, இருட்டில் பைக்கின் வேகத்தைக் கணிப்பது மேம்பட்டது. விரிவதற்கு ஓர் இடைவெளி கிடைத்துவிடுகிறது அல்லவா.

உடுப்பைப் பற்றி நியூசிலாந்தின் ஆக்லாந்தில் செய்த ஆய்வு 2004இல் வந்தது. பளிச்சிடும் அல்லது ஒளிதிருப்பும் உடை அணிந்தவர்களுக்கு விபத்துக் காய அபாயம் 37 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டைவிட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. பகலில் விளக்குப் போட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும்: நிறத்துக்கென்று தனியாக மந்திரம் இல்லை, பின்னணியோடு மாறுபடுவதுதான் முக்கியம். பளீர் வெயிலில் வெளிர் வானத்தின் முன்னால் கறுப்பு நன்றாகவே தெரியும். புளியமரச் சாலை நிழலில் அதே கறுப்பு கரைந்துவிடும். அழுக்குத் தெரியாது என்று கறுப்பு ஹெல்மெட் வாங்குகிறோம். அழுக்கு மட்டுமா தெரியாமல் போகிறது.

சட்டம் இதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை. முதல் தகவல் அறிக்கையில் எழுதுவது 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற அதே இரண்டு சொல். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தின் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை. பார்த்தும் தெரியாமல் போனது அஜாக்கிரதையா? பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் போய் 'கண்ணின் இயல்பு' என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கண் இப்படித்தான் என்று தெரிந்த பிறகும் ஒரே வீச்சில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தால், அதை அஜாக்கிரதை என்றுதான் நானும் சொல்வேன்.

நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் 2019இல் வந்த ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டியது. திரையில் சாலையைக் காட்டும் சிமுலேட்டர் காரில் உட்காரவைத்து ஜங்ஷனைக் கடக்கச் சொன்னார்கள். சிலர் எதிரே வந்த பைக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்த பக்கம் திரும்பி மற்றதைப் பார்ப்பதற்குள் மறந்தே போனார்கள். கார்களை மறந்ததைவிட பைக்கை மறந்தது அதிகம். அவர்கள் சொன்ன வைத்தியம் ரொம்ப எளிது: பைக்கைப் பார்த்தால் 'பைக்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணில் பட்டது காதிலும் விழுந்தால் நினைவிலிருந்து அவ்வளவு சீக்கிரம் நழுவாது.

நான் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். காந்திபுரம் சிக்னலில் இது நடக்காது, மூச்சு முட்டிவிடும். நான்குவழிச் சாலையின் மீடியன் இடைவெளியில் முடிகிறது. தூரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தைப் பார்க்கிறேன், தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிப் பில்லரைத் தாண்டிப் பார்க்கிறேன், பிறகு இன்னொரு தடவை. போன வாரம் அப்படி நின்றபோது "பைக்" என்றேன். பின் சீட்டில் தூக்கக் கலக்கத்தில் இருந்த அம்மா, "எங்கடா?" என்று தலையைத் திருப்பினார். அதற்குள் அது எங்களைக் கடந்து போயிருந்தது.